இரண்டும் சரிவரும் என்றாய்

தம்பி,

அம்மா இதைத் தமிழில் எழுதுவதற்கு இரண்டு காரணம். பிரெஞ்சில் எழுத எனக்குத் தெரியாது என்பது ஒன்று, அது உனக்குத் தெரியும். மற்றது, தமிழ் என்றால் நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய், பாதியில் தாவி ஓட மாட்டாய். தொலைபேசியில் எழுதினால் வாசித்த அடையாளம் மட்டும் விழுகிறது, பதில் வருவதில்லை. கூப்பிட்டால் அடித்து ஓய்கிறது. நீ ஒன்றும் கடல் கடந்து போய்விடவில்லை. பாரிஸில், மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் வீட்டுக்குக் கீழால் ஓடும் அதே பன்னிரண்டாம் இலக்க மெற்றோதான் நீ இருக்கும் ஒபர்வில்லியேக்கும் வருகிறது. நான் ஒருநாள் வந்தேன், உனக்குத் தெரியாது. நீ வேலை செய்யும் துணிக் கிட்டங்கியின் வாசல்வரை வந்தேன். நீ பெட்டிகளை லொறியிலிருந்து இறக்கிக்கொண்டு நின்றாய். முதுகைக் கண்டதும் நீதான் என்று தெரிந்துவிட்டது. கூப்பிடவில்லை. திரும்பி வந்து வேலைக்கு, சாப்பாட்டுக் கடைக்குப் போய் ரோல்ஸ் சுற்றினேன்.

இப்போது எழுதுவது என்னைப் பற்றியோ அப்பாவைப் பற்றியோ இல்லை, உன் தங்கையைப் பற்றி. ஆரணிக்கு இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஒன்று அமெரிக்காவில், பனி கொட்டும் ஏதோ ஒரு மூலையில். அங்கே பெண்கள் உதைபந்தாட்ட அணியில் இடம் தருகிறார்கள், உயிரியலும் படிக்கலாம். மற்றது இஞ்சை பிரான்சிலேயே தெற்கே, கடற்கரைப் பக்கம். விளையாடுகிற பிள்ளைகளுக்கென்று வகுப்புகளைப் பிரித்து, இரண்டு வருடப் படிப்பை மூன்று வருடமாக நீட்டித் தருவார்களாம். இரண்டு பேரும் அனுப்பிய வழவழப்பான புத்தகங்களில் ஒரே மாதிரிப் படம்: ஒரு கையில் பந்து, மறுகையில் புத்தகம், முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிற ஒரு பெட்டை. படிப்பும் விளையாட்டும் சமம் என்று இரண்டிலும் போட்டிருக்கிறதாம். அந்தச் சொல்லை நான் இப்போது நம்புவதில்லை. இந்த மாத முடிவுக்குள் அவள் பதில் எழுத வேண்டும். அவளோ இரண்டுக்கும் இல்லை என்று எழுதப் போகிறாளாம்.

ஏன் என்று சொல்வதற்கு முன் உன்னுடைய கதையைச் சொல்ல வேண்டும். அது உன்னுடைய கதைதான், ஆனால் நாங்கள் பார்த்த பக்கம் உனக்குத் தெரியாது. நீ பந்தடிக்கத் தொடங்கியது இரண்டாயிரத்து ஒன்பதில். வன்னியில் நடந்த போரில் உன் மாமாவின் சத்தம் இல்லாமல் போன வருடம் அது. வீட்டில் தொலைக்காட்சியை அணைக்க ஒருவருக்கும் கை வரவில்லை. பெடியன் இதையெல்லாம் பார்க்கக் கூடாது என்று அப்பா உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு போய், போர்த் த லா சப்பலுக்கு அந்தப் பக்கம் இருந்த மைதானத்தில் விட்டார். உன்னை விளையாட்டு வீரனாக்க நாங்கள் கனவு காணவில்லை. எங்களுடைய முகங்களை நீ பார்க்காமல் இருக்கட்டும் என்றுதான் விட்டோம். நீ அங்கே நன்றாக ஓடினாய். எல்லாரும் அழுதுகொண்டிருந்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரேயொரு நல்ல செய்தி உன் கால்தான். ஆரணி அப்போது சின்னப் பிள்ளை, உன் சப்பாத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நித்திரை கொள்ளுவாள்.

பிறகு பதினைந்து வயதில் உனக்கும் இரண்டு கதவு திறந்தது. ஒன்று பெரிய உதைபந்தாட்டக் கழகம் ஒன்றின் பயிற்சி நிலையம். அங்கே பந்துதான் எல்லாம், படிப்பு பேருக்கு. மற்றது மேற்கே தொலைவில் ஒரு லிசே, மேல்வகுப்புப் பள்ளிக்கூடம். அங்கே தங்கிப் படிக்கலாம், காலையில் வகுப்பு, பின்னேரம் பயிற்சி. அப்பா எங்கள் சனத்தின் கடைகள் இருக்கும் லா சப்பல் முழுக்கக் கேட்டுத் திரிந்தார். நகைக்கடை அண்ணை சொன்னார், "பந்தடிச்சு எந்தத் தமிழ்ப் பெடியன் முன்னுக்கு வந்தவன்? பேசாமல் கணக்குக்கு ரியூசன் போடும்." நான் வேலை செய்யும் கடை முதலாளி சொன்னார், "பெரிய கழகத்துக்கு விடுங்கோ, ஒருநாள் நாங்கள் எல்லாரும் ரிவியிலை பாப்பம்." அப்பா இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு வந்து, நடுவில் நின்றார். "லிசேக்கு அனுப்புவம். ஆனால் விஞ்ஞானப் பிரிவு எடுக்க வேணும். எடுத்தால்தான் பந்து" என்றார். நானும் அதுதான் புத்தி என்று நினைத்தேன். எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். விஞ்ஞானம் இல்லாத படிப்பை நாங்கள் படிப்பென்று கணக்கெடுத்ததில்லை.

அந்த லிசேக்குப் போன நாள் உனக்கு நினைவிருக்கும். ரயிலில் போனோம். அதிபருக்குக் கொடுக்க நான் ஒரு பெட்டியில் பொரித்த ரோல்ஸும் பற்றிஸும் கொண்டுபோனேன், வெறுங்கையோடு போகக் கூடாது என்று. அந்த மனுசன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் சன்னல் கட்டில் வைத்தார். ஒரு பக்கம் அவர், எதிர்ப்பக்கம் அப்பாவும் நானும். உன்னுடைய கதிரையை நீயே இழுத்து எங்களுக்கு நடுவில் போட்டுக்கொண்டாய், எங்கே போனாலும் அப்படித்தானே.

அப்பா, "விஞ்ஞானம் படிச்சுக்கொண்டு பந்தும் விளையாடலாமோ எண்டு கேள்" என்றார். நீ கேட்டாய். அதிபர் பேனையைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் கதைத்தார். நேர அட்டவணை ஒன்றை விரித்து விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஒரு இடத்தில் இல்லை என்று தலையையும் ஆட்டினார். எல்லாம் முடிய நீ எங்கள் பக்கம் திரும்பி, "ஓமாம். ரெண்டும் சரிவருமாம்" என்றாய்.

"அவர் இவ்வளவு நேரம் கதைச்சவர், நீ ரெண்டு சொல்லிலை முடிக்கிறாய்?" என்று நான் கேட்டேன்.

"பிரெஞ்சிலை அப்பிடித்தான் அம்மா. சின்ன விசயத்தையும் நீட்டித்தான் சொல்லுவினம்."

"இல்லையெண்டு தலையாட்டினவரெல்லே?"

"அது வேறை ஒரு பெடியனைப் பற்றி."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. என்னைப் பார்த்து, "நீர் சும்மா இரும். அவனுக்கு விளங்காததே உமக்கு விளங்கப்போகுது?" என்றார். பிறகு அதிபர் ஏதோ கேட்டார். நீ, "உங்கட விருப்பம் என்ன எண்டு கேக்கிறார்" என்றாய். "ரெண்டும் வேணும் எண்டு சொல்லு" என்றார் அப்பா. நீ சொன்னாய். அந்த மனுசன் எங்களைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்து வைத்தோம். திரும்பி வரும்போது ரயிலில் அப்பா உனக்குக் கோழி சாண்ட்விச் வாங்கித் தந்தார். அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்து நான் பார்த்தது குறைவு.

அதற்குப் பிறகு நடந்ததை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. முதல் வருடமே பரீட்சைப் புள்ளிகள் குறைந்தன. விடுமுறைக்கு வந்தால் மேசையில் தலையை வைத்து நித்திரையாகிவிடுவாய். பயிற்சியாளர் உன்னை ஆட்டத்துக்கு இறக்குவதில்லை என்று கேள்விப்பட்டோம். ஏன் என்று கேட்டால் தோளைக் குலுக்கினாய். ஒரு வகுப்பைத் திரும்பப் படித்தாய். பள்ளிக்கூடம் முடிக்கும் பக் சோதனையில் கோட்டை விட்டாய். எந்தக் கழகமும் உன்னைக் கூப்பிடவில்லை. இரண்டு பையோடு வந்து வாசலில் நின்றபோது அப்பா சொன்னார், "படிக்கவும் விட்டம், விளையாடவும் விட்டம். ரெண்டையும் துலைச்சுப்போட்டு வந்து நிக்கிறாய்." நான் அவரை மறுத்துச் சொல்லவில்லை, ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைத்தேன். கடையில் மா பிசையும்போதெல்லாம் உன்னைக் கரித்துக் கொட்டியிருக்கிறேன். சோம்பேறி, பொறுப்பில்லாதவன், மற்றப் பிள்ளைகள் இரண்டையும் செய்யவில்லையா என்று. பெற்ற வயிறு எரிந்தது தம்பி. அந்த எரிச்சலோடுதான் நீ வீட்டைவிட்டுப் போனபோது பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது போன கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அந்த அமெரிக்கப் பயிற்சியாளர், ஒரு பொம்பிளை, காணொளியில் எங்களோடு கதைக்க வேண்டும் என்றார். அப்பா வேலைக்குப் போகாமல் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு இருந்தார். ஆரணி எங்களுக்கு நடுவில் இருந்தாள். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவள் தமிழில் சொன்னாள். நல்லதையும் சொன்னாள், கெட்டதையும் சொன்னாள். "கிழமைக்கு ரெண்டு நாள் பஸ்ஸிலைதான் போகுமாம். பஸ்ஸிலைதான் படிக்க வேணுமாம். ஆய்வுகூட வகுப்பு எடுக்கிற பிள்ளையள் கனபேர் ரெண்டாம் வருசம் பந்தை விடுகினமாம், இல்லாட்டி வகுப்பை விடுகினமாம். ரெண்டையும் கடைசிவரை கொண்டுபோன ஆக்களும் இருக்கினமாம், ஆனால் குறைவாம்."

அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "என்னத்துக்கு இப்ப உதெல்லாம் கேட்டனீ?" என்றார்.

"நான் கேக்கேல்லை அப்பா, அவதான் சொல்லுறா. சொல்லுறதை நான் சொல்லுறன். அண்ணா மாதிரி மாத்திச் சொல்ல எனக்கு ஏலாது."

அப்படித்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. காணொளி முடிந்த பிறகு அப்பா கேட்க, அவள் அழுதுகொண்டு சொன்னாள். நீ வீட்டைவிட்டுப் போன அன்று படிக்கட்டில் வைத்து அவளுக்குச் சொல்லிவிட்டுப் போனாயாம். விஞ்ஞானப் பிரிவின் ஆய்வுகூட வகுப்புகள் பின்னேரத்தில், பயிற்சியும் பின்னேரத்தில், இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கும் என்று அந்த அதிபர் சொன்னாராம். பயிற்சிக்கு வராதவனைப் பயிற்சியாளர் ஆட்டத்துக்கு இறக்க மாட்டார் என்றும் சொன்னாராம். பொருளியல் பிரிவு எடுத்தால் எல்லாம் காலையிலேயே முடிந்துவிடும், பிள்ளைக்கு அதுதான் நல்லது என்றும் சொன்னாராம். கடைசியில் அவர் கேட்டது எங்கள் விருப்பத்தை இல்லையாம். பிள்ளை என்ன விரும்புகிறான் என்று கேட்டாராம்.

எனக்கு முதலில் வந்தது கோபம். பொய் சொல்ல மாட்டேன். உன்னைக் கூப்பிட்டு இரண்டு அறை போட வேண்டும் போல இருந்தது. விஞ்ஞானம் இல்லையென்றால் அப்பா பந்தை நிறுத்திவிடுவார் என்று பயந்திருப்பாய். சரி, பயந்தாய். என்னிடமாவது காதுக்குள் சொல்லியிருக்கலாமே. கிழமைக்குக் கிழமை அங்கே ஆய்வுகூடமா மைதானமா என்று நீ தனியாக இழுபட்டுக்கொண்டு இருந்தபோது, இஞ்சை நான் ரோல்ஸ் சுற்றிக்கொண்டு என் மகன் இரண்டையும் ஒன்றாகச் செய்கிறான் என்று கடைக்கு வாற சனமெல்லாம் கேட்கச் சொல்லிக்கொண்டு இருந்தேன். என்னை மடைச்சியாக்கிவிட்டாய் என்று நினைத்தேன்.

பிறகு சமைத்துக்கொண்டு நிற்கும்போது ஒன்று நினைவு வந்தது, அடுப்பை அணைத்துவிட்டேன். ஆரணிக்குப் பிறகு வந்த பிள்ளை வயிற்றிலேயே நின்றுபோனது உனக்கு நினைவிருக்கும். அப்பா வேலையில். ஆசுபத்திரியில் நீயும் நானும்தான். அந்த வைத்தியர் உன்னிடம் சொன்னார், நீ எனக்குச் சொன்னாய். "அம்மா, பேபிக்கு இதயம் அடிக்கேல்லையாம்." அவர் சொன்னதை அப்படியே சொன்னாய். ஒன்றையும் மாற்றவில்லை. பிறகு நான் கத்தியதை நீதான் பார்த்துக்கொண்டு நின்றாய். உனக்குப் பத்து வயதுகூட முழுதாக இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் என்ன நடக்கும் என்று நீ அன்றைக்குத்தான் பழகினாய் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. விசாக் கந்தோரில் பார், வங்கியில் பார், பள்ளிக்கூடத்தில் பார், எங்கள் சனம் போகும் இடமெல்லாம் நடுவில் ஒரு பிள்ளை இருக்கும். பல்லு முளைத்த கையோடு பிரெஞ்சு வந்துவிடும், வந்தவுடன் வீட்டுப் பாரம் முழுக்க அந்த வாயில். நாங்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம், என்ரை மகன் ஒரு லோயர் மாதிரிக் கதைப்பான் என்று. உன்னுடைய வழக்கில் உன்னையே லோயராக்கி, தீர்ப்பையும் உன் வாயாலேயே கேட்டோம். மொழி தெரிந்த வேறு ஒருவரை அழைத்துக்கொண்டு போயிருக்கலாம். லா சப்பலில் ஆளா இல்லை? வீட்டு விடயம் வெளியில் போகக் கூடாது என்று நினைத்தோம்.

அப்பாவைப் பற்றிக் கேட்பாய், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அவர் அன்றிலிருந்து கதைப்பதில்லை. வேலைக்குப் போகிறார், வருகிறார், சாப்பாட்டைக் கிளறுகிறார். நேற்று மட்டும், "அவன் ஏன் எனக்கு ஒருக்கால் சொல்லேல்லை?" என்றார். "சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பியள்?" என்று கேட்டேன். "பந்தை நிப்பாட்டியிருப்பன்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுசன். அப்போ நீ சொன்னாலும் தோற்றிருப்பாய், சொல்லாமலும் தோற்றாய். எந்தப் பக்கத்தால் யோசித்தாலும் எனக்கு வழி தெரியவில்லை. நேரத்தைத் திருப்பிக் கையில் தந்தால்கூட என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது தம்பி, அதுதான் என்னைக் கொல்லுகிறது.

பெற்றவர்கள் கடிதம் எழுதினால் புத்தி சொல்ல வேண்டும். எனக்கு இப்போது புத்தி இருக்கிறது, வேண்டாத நேரத்தில். ஒரு பிள்ளையைப் பந்துக்கும் படிப்புக்கும் சேர்த்து ஒரு இடத்தில் விடுவதென்றால், அங்கே சிரித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளிடம் கேட்கக் கூடாது, இடையில் விட்டுப்போன பிள்ளைகளைத் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டும். மைதானத்தின் புல்லைப் பார்க்கக் கூடாது, வகுப்பு நேரமும் பயிற்சி நேரமும் எங்கே இடிக்கிறது என்று பார்க்க வேண்டும். இடித்தால் யார் விட்டுக்கொடுப்பார்கள் என்று கேட்க வேண்டும். ஒருவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்றால் பிள்ளைதான் கிழியும். இதெல்லாம் நான் உன்னை வைத்துப் படித்த படிப்பு. இதை ஆரணிக்குச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இதெல்லாம் எனக்குத் தெரியும் அம்மா. நான் போனால் உங்களுக்கு ஆர் கதைக்கிறது?" என்றாள்.

அவள் இரண்டையும் வேண்டாம் என்பதற்கு அதுதான் காரணம். நீ போய்விட்டாய், அவளும் போனால் இந்த வீட்டில் நடுக் கதிரையில் இருக்க ஆள் இல்லை. பாரிஸிலேயே ஏதாவது படிக்கிறாளாம், பந்தையும் விடுகிறாளாம். அதைச் சொல்லும்போது அவள் அழக்கூட இல்லை, கறிக்கு உப்புப் போதுமோ என்று கேட்பது மாதிரிச் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்தில் என் மனதின் ஒரு மூலை ஆறுதலாக மூச்சுவிட்டது. ஒரு பிள்ளையாவது நிற்கட்டும் என்று. அதன் பிறகு இரண்டு நாள் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாங்கள் போ என்று சொன்னால், அவள் மனம் நோகக் கூடாதென்று சொல்கிறோம் என்று நினைக்கிறாள். போகாதே என்று சொல்லும் தைரியம் எங்களுக்கு இல்லை. நாங்கள் எதைச் சொன்னாலும் அவளிடம் செல்லாது.

அவள் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டாளாம். திரும்பவும் பதினைந்து வயதாகி, திரும்பவும் அந்த லிசே கூப்பிட்டால் நீ போவாயா என்று. நீ வேலை இருக்கிறது என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாயாம். அவள் அந்தப் பதிலுக்காகத்தான் இருக்கிறாள். நீ போவேன் என்று சொன்னால் அவள் அமெரிக்காவுக்குப் போவாளோ, தெற்கே போவாளோ, எங்கேயோ போவாள். போக மாட்டேன் என்று சொன்னால் நிற்பாள், ஆனால் எங்களுக்காக நின்றதாக இருக்காது. எதுவென்றாலும் அது அவளுடைய முடிவாக இருக்கும். இப்போது அவள் எடுத்திருப்பது பயத்தில் எடுத்த முடிவு, உன்னைப் போல.

நீ வருவாய் என்று நம்பி இதை எழுதவில்லை. நம்பி நம்பி எனக்கு அலுத்துவிட்டது. நீ வந்தால் அப்பா கதவைத் திறப்பார், ஒன்றும் கேட்க மாட்டார், அதற்கு நான் பொறுப்பு. மன்னிப்புக் கேட்கச் சொல்லி உன்னைக் கூப்பிடவில்லை, எங்களை மன்னிக்கச் சொல்லியும் கூப்பிடவில்லை. ஒரு பின்னேரம் வந்து அவளோடு இருந்து உள்ளதைச் சொல்லு. பிரெஞ்சில் சொல்லு. நானும் அப்பாவும் அதே அறையில்தான் இருப்போம், ஒரு சொல்லும் விளங்காது. என்ன சொன்னாய் என்று நாங்கள் கேட்க மாட்டோம்.

அம்மா